நோயோடு தொழிலையும் கேளுங்கள்

வைத்திய மாணவர்களே!

வியாதி ஏன் வந்தது என்று கேட்டால் தலைவிதி என்பான், கிரகம் என்பான், முன்ஜென்ம வினை என்பான் நம் நாட்டான். நீங்கள் படித்தவர்கள், அப்படிச் சொல்ல மாட்டீர்கள். ஆனால் காரணத்தை விசாரிக்காமல் "ஆஸ்துமா" என்று சீட்டெழுதி மாத்திரை கொடுத்தனுப்பினால், அதற்கும் தலைவிதி என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம்.

திருப்பூரைச் சுற்றியுள்ள நூல் மில்களில் பஞ்சு பிரிக்கும் இடத்தையும் கார்டிங்கையும் எண்ணிப் பாருங்கள். அங்கு பல வருஷம் உழைத்தவனுக்கு, வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சுத் திணறும். மறுநாள் தணியும். நாள் தோஷம் என்று ஜோசியன் பரிகாரம் எழுதிக் கொடுத்தாலும் நாம் ஆச்சரியப்பட மாட்டோம். வாஸ்தவத்தில் அது பைசினோசிஸ் என்னும் பஞ்சுத் தூசி நோய். ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலக்கினால் தேறலாம். வருஷக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரல் கெட்டது கெட்டதுதான்.

இத்தாலி தேசத்து ராமசினி என்ற வைத்தியர் 1700-லேயே தொழிலாளர் நோய்களைப் பற்றிப் புத்தகம் எழுதி, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்று நோயாளியைக் கேட்கவேண்டும் என்றார். நம் நாட்டிலும் 1948-ம் வருஷத்துப் பாக்டரி சட்டம் இந்நோயைப் பட்டியலில் சேர்த்து, கண்ட வைத்தியர் சர்க்காருக்கு எழுதவேண்டும் என்றது. கேட்காத வைத்தியர் எதை எழுதுவார்? எழுதாவிட்டால் தொழிலாளி எந்த முகத்தோடு நஷ்டஈடு கேட்பான்?

தண்ணீர்ச் சங்கதியும் இப்படித்தான். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்திற்கென்று அணை கட்டினார்கள். அதில் சாயக் கழிவு வந்து தேங்கியது. "திறந்துவிடாதே" என்று விவசாயிகளே சண்டை போடும்படி ஆயிற்று! 2011-ல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுத்து விவசாயிகளுக்கு நஷ்டஈடும் விதித்தார்கள். சரிதான். மனிதன் உடம்பைக் கணக்கெடுப்பது யார் வேலை? அது வைத்தியர் வேலையல்லவா?

2022-ல் திருப்பூருக்கே அரசாங்க வைத்தியக் கல்லூரி வந்துவிட்டது. சுற்றுப்புறத்தால் வரும் நோயைப் படிக்கப் புத்தகத்தில் லண்டனைத் தேடவேண்டியதில்லை. பாடம் வாசலிலேயே கிடக்கிறது. மாணவர்களை மில்லுக்குள் அழைத்துப் போகட்டும். நொய்யல் கரைக் கிணறுகளின் தண்ணீரை எடுத்துச் சோதிக்கச் சொல்லட்டும். பரீட்சையில் மார்க்கும் போடட்டும். மார்க்கில்லாததை நீங்கள் படிப்பீர்களா என்ன!

அதுவரை ஒன்று செய்யுங்கள். நோயாளிச் சீட்டில் "தொழில்" என்ற இடத்தில் "கூலி" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். கார்டிங்கா, சாயப்பட்டறையா, எத்தனை வருஷம், வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறான் என்று கேட்டு எழுதுங்கள்.