ஓய்வுபெற்றவரின் உழைப்பும் நிரப்பப்படாத பணியிடமும்

(மத்திய அரசு ஊழியர், ரயில்வே தொழிலாளர் அரங்கங்களில் பணியாற்றும் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வூதியம் பெற்றுக்கொண்டே மீண்டும் அரசுப் பணிக்குத் திரும்புவோர் பற்றித் தொழிற்சங்க அரங்கங்களில் இரண்டு விதமான குரல்கள் எழுகின்றன. “பென்ஷனும் வாங்கிக்கொண்டு சம்பளமும் வாங்குகிறார்களே, இளைஞர்கள் தெருவில் நிற்கிறார்களே” என்பது ஒரு குரல். “அனுபவம் உள்ளவர், உடலில் வலு இருக்கிறது, உழைத்தால் என்ன தவறு” என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயத்தின் சாயல் உண்டு. ஆனால் இந்த ஏற்பாட்டினால் உண்மையில் ஆதாயம் அடைபவர் யார் என்ற கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை.

அந்தக் கேள்விக்கான விடை அரசின் உத்தரவிலேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்களை ஒப்பந்த முறையில் அமர்த்துவது பற்றி நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2020 டிசம்பரில் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. ஓய்வுபெறும்போது வாங்கிய ஊதியத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்துவிட வேண்டும்; எஞ்சுவதே மாதத் தொகை. ஒப்பந்தக் காலம் முழுவதும் அத்தொகை மாறாது. ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது, அகவிலைப்படி கிடையாது. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை ஏற்கெனவே ஒப்படைத்துத் தொகையாகப் பெற்றுவிட்டவருக்கும் விலக்கு இல்லை. மாதாமாதம் கைக்கு வராத அந்தப் பகுதியும் சேர்த்தே கழிக்கப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70,000 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் ஓய்வுபெறும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரை எடுத்துக்கொள்வோம். அவரது ஓய்வூதியம் 35,000 ரூபாய். அவர் மீண்டும் அதே மேசைக்கு வந்தால் அவருக்குக் கிடைப்பது எஞ்சிய 35,000 ரூபாய். மகளின் திருமணத்துக்காகவோ வீட்டுக் கடனுக்காகவோ 40 சதவீத ஓய்வூதியத்தை ஒப்படைத்திருந்தால், மாதம் 14,000 ரூபாய் அவர் கைக்கு வருவதே இல்லை. ஆனாலும் கழிவு 35,000 ரூபாய்தான். அந்த இடத்தில் புதிதாக ஒரு இளைஞர் நியமிக்கப்பட்டால் அவரது தொடக்க அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். 2025 ஜனவரி முதல் கணக்கிடப்பட்ட 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 54,870 ரூபாய். புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு அரசு செலுத்தவேண்டிய 14 சதவீதத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 62,550 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி.

முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரை, நேற்று பணியில் சேர்ந்தவரைவிடக் குறைந்த விலைக்கு அரசு வாங்குகிறது என்பதே இதன் பொருள். எப்படி முடிகிறது? மீதியைத் தொழிலாளியே தனது ஓய்வூதியத்திலிருந்து ஈடுகட்டுகிறார். அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஓய்வூதியம் அவருக்கு வந்திருக்கும். வேலைக்கு வந்ததால் அது அவருடைய புதிய உழைப்பின் கூலியிலிருந்து கழிக்கப்படுகிறது.

ஓய்வூதியம் என்பது என்ன என்ற அடிப்படையை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு நகரா வழக்கில் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் எசமானனின் கருணையால் கிடைக்கும் கொடையல்ல, முன்பு ஆற்றிய பணிக்கான உரிமை என்று அது கூறியது. ஓய்வூதியர்கள் அந்நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஒத்திவைக்கப்பட்ட ஊதியம் என்று தொழிற்சங்க இயக்கம் சொல்வதும் இதைத்தான். முதல் முப்பது ஆண்டு உழைப்பின் பாக்கியை, அடுத்த இரண்டு ஆண்டு உழைப்பின் கூலியாகக் காட்டும் கணக்கை எந்தப் பெயரால் அழைத்தாலும் அது கூலிவெட்டுதான்.

இது நிர்வாகத்தின் தற்காலிக அவசரத்துக்கான ஏற்பாடு என்று வாதிடுவோர் உண்டு. குறிப்பாணையும் அப்படித்தான் சொல்கிறது: இத்தகைய நியமனம் வழக்கமாகிவிடக் கூடாது, மிகக் குறைந்த அளவில் இருக்க வேண்டும் என்று. நடைமுறை வேறு. 2024 அக்டோபரில் 25,000 இடங்களை 65 வயதுக்கு உட்பட்ட ஓய்வுபெற்றோரைக் கொண்டு, இரண்டு ஆண்டுக் காலத்துக்கு நிரப்ப ரயில்வே முடிவு செய்திருப்பதாக நாளிதழ்களில் செய்தி வந்தது. இருபத்தைந்தாயிரம் என்பது அவசரத்தின் அளவு அல்ல, கொள்கையின் அளவு.

அந்தக் கொள்கையின் மறுபக்கம் காலிப் பணியிடங்கள். 2021 மார்ச் 1 நிலவரப்படி மத்திய அரசில் 9.79 லட்சம் இடங்கள் காலியாக இருந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பாலாசோர் ரயில் விபத்து நடந்த 2023 ஜூன் மாதத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ரயில்வே தந்த பதில் வெளியாயிற்று. 2.74 லட்சத்துக்கும் அதிகமான இடங்கள் காலி, அவற்றில் 1.7 லட்சத்துக்கு மேற்பட்டவை பாதுகாப்பு சார்ந்த பணிகள். தண்டவாளம் பராமரிப்பவர், பாயிண்ட்ஸ்மேன், சிக்னல் பராமரிப்பாளர், ரயில் ஓட்டுநர் ஆகியோரின் பணிகள் இவை. இரவுப் பணியும் மழையும் வெயிலும் சேர்ந்த இவ்வேலைகளுக்கு அறுபது கடந்தவரை அழைத்து, கையில் ஒரு மருத்துவச் சான்றைக் கொடுத்துவிட்டால் பயணிகளின் பாதுகாப்பு உறுதியாகிவிடுமா?

2022 ஜனவரியில் பாட்னாவிலும் கயாவிலும் ரயில் மறியலில் இறங்கிய இளைஞர்களை மறந்துவிட முடியாது. சுமார் 35,000 ரயில்வே இடங்களுக்கு 1.25 கோடிப் பேர் விண்ணப்பித்திருந்தனர். அறிவிப்பு வந்தது 2019இல். மூன்று ஆண்டுகளாகியும் தேர்வு நடைமுறை முடிந்தபாடில்லை. அந்த இளைஞரிடம் போய், “உன் இடத்தை ஓய்வுபெற்றவர் பிடித்துக்கொண்டார்” என்று சொல்வது எளிது. ஆளும் வர்க்கம் விரும்புவதும் அதைத்தான். ஓய்வூதியர் மீது இளைஞரின் கோபம் திரும்பினால், அடுத்த கட்டமாக “ஓய்வூதியமே நாட்டுக்குச் சுமை” என்ற பிரச்சாரத்துக்கு மேடை தயாராகிவிடும். ஆகவே ஓய்வூதியருக்கு எதிரான எந்த முழக்கமும் இயக்கத்தின் வாயிலிருந்து வரக்கூடாது.

ஏன் திரும்பி வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மகனுக்கு வேலை இல்லை. அதனால் தந்தை வேலைக்குப் போகிறார். மகனுக்கு வேலை கிடைக்காததற்கு ஒரு காரணம், அந்த இடத்தைத் தந்தையைக் கொண்டு மலிவாக ஓட்டிவிட முடிகிறது என்பது. ஒரே குடும்பத்துக்குள் இந்த வளையம் சுழல்கிறது.

படைவீரர்களின் நிலை வேறு. சிப்பாய் முப்பத்தைந்து, நாற்பது வயதில் விடுவிக்கப்படுகிறார். அவருக்கு இரண்டாவது வேலை என்பது வாழ்க்கையின் பாதி. அதிகாரி நிலைக்குக் கீழுள்ள முன்னாள் படைவீரர் முறையான அரசுப் பணியில் மறுநியமனம் பெறும்போது, ஊதிய நிர்ணயத்தில் அவரது ஓய்வூதியம் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. ஓய்வூதியத்தைக் கழிக்காமலேயே ஊதியம் தர அரசால் முடியும் என்பதற்கு இதுவே சான்று. அக்னிபத் வந்த பிறகு, நான்கு ஆண்டில் வெளியேற்றப்படும் இளைஞருக்குக் கழிப்பதற்கு ஓய்வூதியமே கிடையாது என்பது வேறு கதை. உயர் அதிகாரிகளின் கதையோ முற்றிலும் வேறு. ஓய்வுபெற்ற ஓராண்டில் அவர்கள் அனுமதியின்றியே தனியார் நிறுவனங்களின் நாற்காலிகளில் அமரலாம்; 2007 வரை அந்தத் தடைக்காலம் இரண்டு ஆண்டாக இருந்தது. அங்கே அவர்களுடைய ஓய்வூதியத்தை யாரும் கழிப்பதில்லை.

2004 ஜனவரி 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தோரின் தலைமுறை இனிமேல்தான் பெரும் எண்ணிக்கையில் ஓய்வு பெறப்போகிறது. சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு கட்டிவைக்கப்பட்ட தொகையை நம்பி அவர்கள் வெளியே வருவார்கள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமும் 25 ஆண்டு பணி முடித்தவருக்கே ஐம்பது சதவீதத்தை உறுதி செய்கிறது. தாமதமாக வேலை கிடைத்தவருக்கு அது எட்டாது. போதாத ஓய்வூதியத்தோடு வெளியேறுபவர் எந்தக் கூலிக்கும் திரும்பி வருவார். பழைய ஓய்வூதியத்துக்கான போராட்டமும் காலிப் பணியிடங்களுக்கான போராட்டமும் வேறு வேறு அல்ல என்பதைக் கிளைகளில் இந்த இடத்திலிருந்துதான் விளக்க வேண்டும்.

கோரிக்கை என்ற முறையில் ஒரு சிக்கல் உண்டு. நிரந்தர நியமனம் என்பதே முதன்மைக் கோரிக்கை; அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஏற்கெனவே மறுபணியில் இருப்பவருக்கு, ஓய்வூதியத்தைக் கழிக்காமல் அந்த வேலைக்குரிய முழு ஊதியமும் அகவிலைப்படியும் வேண்டும் என்று கேட்கத் தோழர்கள் தயங்குகிறார்கள். “இரட்டை வருமானத்துக்கு வக்காலத்தா?” என்று இளைஞர்கள் கேட்பார்களோ என்ற அச்சம். மேலே சொன்ன கணக்கை அவர்கள் முன் வைத்தால் அச்சம் தேவைப்படாது. மறுபணியாளருக்கு முழு ஊதியம் கொடுக்க வேண்டியிருந்தால், 35,000 ரூபாய்க்கு ஸ்டேஷன் மாஸ்டர் கிடைக்கமாட்டார். அந்த மலிவு போனால், இளைஞரை நியமிக்காமலிருக்க நிர்வாகத்துக்கு இருக்கும் பெரிய தூண்டுதலும் போய்விடும்.

இதற்கு முதலில் தேவைப்படுவது விவரம். ஒவ்வொரு கோட்டத்திலும் ஒவ்வொரு அலுவலகத்திலும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஓய்வுபெற்றோரைக் கொண்டு ஓட்டப்படுபவை எத்தனை, அவற்றுக்கான ஆள்சேர்ப்புக் கோரிக்கை தேர்வு வாரியத்துக்கு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் போடும் வேலையைக் கிளைகள் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலை ஓய்வூதியர் சங்கத்தின் கூட்டத்திலும் வாலிபர் சங்கத்தின் கூட்டத்திலும் ஒரே நாளில் படிக்க வேண்டும். முடிந்தால், இருவரையும் ஒரே அரங்கில் அமர்த்தி.