திருவிழாவும் சமூகத் தொண்டும்

(லாபிஸ் ஆலயத் திருவிழாவையொட்டி அரசாங்க அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா என்பது ஊர் கூடும் நாள். லாபிஸ் பட்டணத்திலும் பெக்கோக், சாஆ, தெனாங் ஆகிய சுற்றுவட்டாரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு காலத்தில் தோட்ட லயங்களில் ஒன்றாக வாழ்ந்தவை. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன. பல தோட்டங்கள் கைமாறின. இளையோர் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றனர். சிதறிய அக்குடும்பங்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஓரிடத்தில் சேர்ப்பது ஆலயத் திருவிழாவே. இத்தனை பேர் கூடும் ஒரு நாளைச் சமூகத் தொண்டுக்கும் ஒரு விழாவாக ஆக்க இயலுமா என்பதே இவ்வுரையின் பொருள்.

"தொண்டுக்கு எதற்கு விழா? வலக்கை கொடுப்பதை ஊருக்குப் பறைசாற்றலாமா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடை பெரிய புராணத்திலேயே இருக்கிறது. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், திருநாவுக்கரசரை நேரில் காணாமலேயே அவர்மீது பேரன்பு பூண்டவர். வழிநடப்போர் தாகம் தீரத் தண்ணீர்ப்பந்தல் அமைத்து, அதற்குத் திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டினார். அவ்வழியே வந்த நாவுக்கரசர், அமைத்தவரின் பெயர் இல்லாமல் வேறொருவர் பெயர் இருப்பது ஏன் என்று வினவியதையும், அதனால் அடிகள் மனம் கொதித்ததையும் சேக்கிழார் சுவைபடப் பாடியிருக்கிறார். இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பந்தல் வழியோரத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, பெயரோடு இருந்தது. மறைவாக இருந்திருந்தால் தாகித்தவன் அதை எப்படி அறிவான்? ஆயினும், கொடுத்தவர் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. தொண்டு வெளிச்சத்தில் இருக்க வேண்டும்; தொண்டர் நிழலில் நிற்கலாம். அறத்தை அறிவிப்பதற்கும் தற்பெருமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இன்று உலகமும் இதை உணர்ந்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை உலக சமூகப் பணி நாளாகப் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது. தமிழ்க் கணக்கில் அது பங்குனி பிறந்து ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் வரும் நாள். பங்குனி உத்திரத்திற்குக் கொடியேற்றவும் காவடி கட்டவும் ஊர் ஆயத்தமாகும் அதே வேளையில் அந்நாளும் வருவது இனிய பொருத்தம் அல்லவா? மலேசியாவில் சமூகநல இலாகா 1946-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975-இல் சமூகப் பணிப் படிப்பைத் தொடங்கியது. இவ்வளவு காலம் கடந்தும், சமூகப் பணியாளர் என்றால் அன்பளிப்புக் கூடை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்பவர் என்ற எண்ணமே பலரிடம் இருக்கிறது.

அரிசி மூட்டை ஒரு வாரப் பசியைத் தீர்க்கும், அது தேவைதான். ஆனால், கணவனை வேலையிடத்து விபத்தில் இழந்த பெண்ணுக்குச் சொக்சோ வழங்கும் சார்ந்தோர் உதவித்தொகையைப் பெற்றுத் தருவதும், உடற்குறையுள்ள பிள்ளையைச் சமூகநல இலாகாவில் பதிந்து அதற்குரிய உதவிக்கு வழிகாட்டுவதும், அடிபட்டு வந்த மனைவிக்குப் பாதுகாப்புத் தேடுவதும் ஆண்டுக் கணக்கில் பயன் தரும் வேலைகள். அவற்றுக்குப் பாரங்களும் சட்ட அறிவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும்.

ஆலயத்தோடு நேரே தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 1976-ஆம் ஆண்டின் திருமணம், மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அன்று முதல், அம்மன் சந்நிதியில் தாலி கட்டினாலும், முறைப்படி பதியாத திருமணம் சட்டச் சிக்கலுக்கு உள்ளாகும். அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தை தாயின் குடியுரிமையையே சார்ந்து நிற்கிறது. தாய்க்கே பத்திரம் இல்லையென்றால், தந்தை நீல அடையாளக் கார்டு வைத்திருந்தும் பிள்ளை நாடற்றவனாக நிற்க நேரிடும். பள்ளிச் சேர்க்கையிலும் மருத்துவமனைக் கட்டணத்திலும் பின்னாளில் வேலையிலும் அப்பிள்ளை படும் பாடு சொல்லி மாளாது. 1969-இல் வேலை பெர்மிட் விதி வந்தபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் பிழைப்பிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய துயரத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பத்திரமற்ற இந்தியர்களைப் பதிவதற்காக 2011-இல் அரசாங்கம் 'மைடஃப்தார்' என்னும் தனி இயக்கத்தையே நடத்த வேண்டியிருந்தது. ஒரு பத்திரம் இல்லாமையால் தலைமுறைகள் தவிக்கின்றன. வெட்கத்தாலும் அறியாமையாலும் அலுவலகப் படியேறத் தயங்கும் குடும்பங்கள், திருவிழாவுக்குத் தயங்காமல் வருகின்றன. ஆகவே, உதவி அங்கே காத்திருக்க வேண்டும்.

விழாவைக் கொண்டு சமூகத்தை எழுப்பிய முன்னோடி இந்த மண்ணுக்கு மிக அருகிலேயே வாழ்ந்தவர். 'தமிழ் முரசு' நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952-இல் தமிழர் திருநாளைத் தோற்றுவித்தார். பொங்கல் காலத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஊர்தோறும் அது கொண்டாடப்பட்டது. பேச்சும் ஆட்டமும் போட்டியும் அதில் இருந்தன. ஆனால், கொண்டாட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பகுதிக்குத் தமிழ் நூலகம் அமையத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். உழைப்பாளி மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் 1957-இல் வந்தபோது, தமிழர்கள் பதிந்துகொள்ளும்படி இடைவிடாது வற்புறுத்தினார். விழா கூட்டத்தைத் திரட்டியது. திரண்ட கூட்டத்திற்கு அவர் ஒரு வேலையைக் கொடுத்தார். அதுவே அவருடைய வெற்றியின் இரகசியம்.

லாபிஸ் மக்களுக்குத் தொண்டு புதிதன்று. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பெருவெள்ளத்திலும், 2011 ஜனவரியிலும், 2023 மார்ச்சிலும் சிகாமட் வட்டாரம் நீரில் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பிறகு சேறு கழுவியவர்கள், சமைத்துப் போட்டவர்கள், துணைக்கு ஆளில்லாத முதியோரைத் தேடிப் போனவர்கள் அனைவரும் சமூகத் தொண்டர்களே. வெள்ளம் வந்தால் எழும் அந்த உணர்வு, வெயில் காலத்திலும் நிலைத்திருக்க ஒரு நாள் வேண்டும்.

அந்த நாளை எப்படி நடத்துவது? திருவிழா நாள்களுள் ஒன்றைத் தொண்டர் திருநாள் என்று அறிவிக்கலாம். அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் நான்கு மேசைகள் போதும்: சமூகநல இலாகாவுக்கு ஒன்று, பதிவிலாகாவுக்கு ஒன்று, சொக்சோவுக்கு ஒன்று, திருமணப் பதிவு குறித்து விளக்க ஒன்று. அதிகாரிகளுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அழைக்க வேண்டும். பாரம் நிரப்பத் தெரிந்த இளைஞர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உடன் அமரலாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டு பற்றிய பேச்சுப் போட்டி வைக்கலாம். மாலையில், ஆண்டு முழுவதும் சத்தமில்லாமல் உழைத்த தாதியர், இலாகா ஊழியர், ஆலயச் சமையலறைத் தாய்மார் ஆகியோருக்குப் பொன்னாடை போர்த்தலாம். பிரமுகர்களுக்கு மட்டுமே மாலை என்ற வழக்கம் சற்றே தளரட்டும்.

மூன்று எச்சரிக்கைகளும் தேவை. உதவி பெறுவோரை மேடையேற்றிப் படம் பிடிக்கக் கூடாது. தன்மானம் போன பிறகு கிடைக்கும் உதவி உதவியாகாது. ஒருவர் மேசையில் சொன்ன குடும்பத் துயரம் கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, வந்தவர்களின் மனு என்னவாயிற்று என்பதை எழுதி வைக்க ஒரு குறிப்பேடு வேண்டும். அடுத்த ஆண்டுக் கொடியேற்றத்திற்கு முன் செயலவை அதைத் திறந்து, எத்தனை மனுக்கள் முடிந்தன, எத்தனை இன்னும் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். பந்தல் பிரித்ததோடு விழா முடியலாம். தொண்டு முடியக் கூடாது.

வள்ளல் பெருமான் 1867-இல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஒரு நாள் விழாவாக இருந்திருந்தால் அது அன்றே அணைந்திருக்கும். தினந்தோறும் ஒருவர் விறகு இட்டதால் எரிகிறது. லாபிஸ் ஆலயத்தின் திருவிழா அந்த முதல் தீக்குச்சியாக அமையட்டும். பத்திரம் இல்லாத ஒரு பிள்ளை, அடுத்த திருவிழாவுக்குள் தன் பெயர் எழுதிய பத்திரத்தோடு பள்ளிக்குச் செல்லுமானால், அதுவே அம்பாளுக்குச் சாத்திய மலர்களுள் சிறந்த மலராகும்.

எல்லாம் வல்ல இறைவன் அருளால் அனைவரும் நலமுற்று வாழ்க! தொண்டு வளர்க!