தலையாட்டாமல் கேளுங்கள்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



1945 இல் ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிய தாய்மொழி மூலக் கல்வி, 1950களில் இடைநிலை வகுப்புகளுக்கும் வந்தது. அதன்வழி தமிழில் படித்தவர்கள் நாங்கள். ஆங்கிலம் எமக்கு ஒரு பாடம் மட்டுமே. சொல்வதெழுதுதலில் பத்துக்குப் பத்து எடுத்தோம். 1983க்குப் பின்னர் லண்டன், ரொறன்ரோ என்று சிதறியபோதுதான், சொற்கள் தெரிந்திருந்தும் பேச்சு விளங்காமல் நின்றோம்.

லண்டனில் அயல்வீட்டார் காலையில் "ஆர் யூ ஓல் றைற்?" என்றால், எம் முகத்தில் ஏதும் வருத்தம் தெரிகிறதோ என்று கலங்கினோம். அது வெறும் "என்ன, சுகமோ?" தான். அலுவலகத்தில் ஒருவர் "ஐ ஆம் அஃப்றெய்ட்" என்று தொடங்கினால், இவருக்கு எங்களிடம் என்ன பயம் என்று யோசித்தோம். "குறைநினைக்க வேண்டாம், முடியாது" என்பதைத்தான் அவர் மரியாதையாகச் சொன்னார்.

இவை சிரித்து மறக்கக்கூடியவை. ஆனால் எங்களில் ஒருத்தி, மார்பில் கட்டி என்று பரிசோதனைக்குப் போனாள். முடிவு "நெகற்றிவ்" என்றார் தாதி. அச்சொல்லுக்கு "எதிர்மறை" என்று படித்தவள், தலையாட்டி நன்றி சொல்லி வீடு வந்தாள். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று இரவு முழுதும் அழுதாள். புற்றுநோய் இல்லை என்பதே அதன் பொருள் என்று மறுநாள் எங்களில் இன்னொருத்தி தொலைபேசியில் சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

"ஏனடி கேட்கவில்லை?" என்றோம். "தெரியாது என்று காட்ட வெட்கமாக இருந்தது" என்றாள். பிழைவிட்டால் சிரிப்பார்கள் என்று பின்வாங்கில் வாய்மூடி இருந்த நாள் முதல் எங்கள் எல்லோரிடமும் இருந்த வெட்கம் அது.

எங்கள் தமிழைப் பாருங்கள். "போயிட்டு வாறன்" என்றுதான் விடைபெறுகிறோம். அகராதியோடு வரும் அந்நியர், நாங்கள் உடனே திரும்புவோம் என்று வாசலில் காத்திருப்பார். "காலமானார்" என்பதைப் பிரித்துப் பார்த்தால் அவருக்கு என்ன விளங்கும்? அதற்காக அவர் அறிவில்லாதவர் அல்லர். நாங்களும் அப்படித்தான்.

தங்கைகளே, "சொறி, வட் டஸ் தற் மீன்?" என்ற வசனத்தை முதலில் பாடமாக்குங்கள். விளங்கியதை உங்கள் சொல்லிலேயே திருப்பிச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவள் கேட்டால் சிரிக்காதீர்கள். நாங்கள் இங்கே கற்காமல் விட்டுப்போன பாடம் இது ஒன்றுதான்.