தொண்ணூற்றைந்து என்றால் என்ன?

(சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கூலி, ரேஷன் கார்டு, வீட்டுப் பட்டா என்று பேசிப் பழகிய இந்தச் சங்கத்தில் இன்று பரீட்சை மார்க்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் தாயின் மகளும், பெயின்ட் அடிக்கும் தகப்பனின் மகனும் இன்று டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வை எழுதுகிறார்கள். இது நமக்குப் பெருமை. ஆனால் முடிவு வந்த அன்று அந்தக் காகிதத்தைப் பார்த்து அர்த்தம் சொல்பவர் யார்? பல வீடுகளில் ஏஜென்டுதான் சொல்கிறார். "பையன் தொண்ணூற்றைந்து வாங்கியிருக்கிறான், சீட் நிச்சயம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்கிறார். தாலியை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பம் நம்மிடையே உண்டு. ஆகவே அந்தக் காகிதத்தை நாமே படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. நானும் மெட்ரிகுலேஷனோடு நின்றவன்தான்.

மார்க்கு வேறு, பெர்சன்டைல் வேறு

நீட் தேர்வில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மார்க்கு, தவறான விடைக்கு 1 மார்க்கு பிடித்தம். மொத்தம் 720. முடிவுக் காகிதத்தில் மார்க்கு இருக்கும், அகில இந்திய ரேங்க் இருக்கும், இவற்றோடு பெர்சன்டைல் என்று ஒரு எண்ணும் இருக்கும். நம்மை ஏமாற்ற உதவுவது இந்த மூன்றாவது எண்தான்.

சதவீதம் என்பது உங்களுக்கும் கேள்வித்தாளுக்கும் உள்ள கணக்கு. நூற்றுக்கு எத்தனை வாங்கினீர்கள் என்பது. பெர்சன்டைல் என்பது உங்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள கணக்கு. தேர்வு எழுதிய நூறு பேரில் எத்தனை பேர் உங்களுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அது சொல்வதில்லை. வரிசையில் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் சொல்கிறது.

2025-இல் ஏறத்தாழ 22 லட்சம் பேர் தேர்வு எழுதினார்கள். 95 பெர்சன்டைல் என்றால் நூற்றில் 5 பேர் முன்னால் நிற்கிறார்கள். 22 லட்சத்தில் அது எத்தனை பேர்? 1,10,000 பேர்! 99 பெர்சன்டைல் வாங்கிய பிள்ளைக்கு முன்னாலும் 22,000 பேர் நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் 95 என்றால் வீதிக்கே மிட்டாய் கொடுப்போம். இங்கே 95 என்பது லட்சத்தைத் தாண்டிய ரேங்க்.

தகுதி என்பது இடம் அல்ல

அடுத்து 'குவாலிஃபைடு' என்ற சொல். பொதுப் பிரிவுக்கு 50 பெர்சன்டைலும், பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 40 பெர்சன்டைலும் இருந்தால் தகுதி பெற்றவர் ஆகிவிடலாம். 2025-இல் அந்த 50 பெர்சன்டைலுக்கு உரிய மார்க்கு 144. எழுநூற்று இருபதுக்கு நூற்று நாற்பத்து நான்கு, அதாவது 20 சதவீதம். மற்ற பிரிவினருக்கு 113. இப்படித் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்து 36 ஆயிரம் பேர். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1,18,000. அதிலும் ஏறத்தாழ பாதிதான் அரசுக் கல்லூரிகளில்.

ரயில் கணக்கில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு ஸ்லீப்பர் பெட்டிக்கு 72 படுக்கை என்று வையுங்கள். அந்த 72-க்கு 750 பேர் கையில் டிக்கெட்டோடு நிற்கிறார்கள். அத்தனை பேரும் டிக்கெட் வாங்கியவர்கள்தான். ஆனால் படுக்கை 72-தான். 'குவாலிஃபைடு' என்பது வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குத் தந்தி அடிக்கலாமா?

சென்ற ஆண்டு மார்க்கு இந்த ஆண்டுக்கு ஆகாது

"பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 600 மார்க்கில் கிடைத்ததாமே" என்று கேட்பவர்கள் உண்டு. 2024-இல் 600-க்கு மேல் வாங்கியவர்கள் 80,000-க்கும் அதிகம். 2025-இல் கேள்வித்தாள் கடினம். 600-க்கு மேல் வாங்கியவர்கள் ஆயிரத்து முந்நூறு சொச்சம் பேர்தான். முதல் மாணவரே வாங்கியது 686. மார்க்கு அதே 600. ஓர் ஆண்டில் அது பின்வரிசை, மறு ஆண்டில் முன்வரிசை. ஆகவே மார்க்கை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். ரேங்க்கைப் பாருங்கள். போன ஆண்டு எந்த ரேங்க் வரை, எந்தப் பிரிவில், எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று பாருங்கள்.

அந்த வரிசையும் கல்வெட்டு அல்ல. 2024-இல் முதலில் 67 பேர் 720-க்கு 720 என்று அறிவித்தார்கள். வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண் என்று நாடே கொந்தளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு பௌதிகக் கேள்விக்கு இரண்டு விடைகளைச் சரியென்று ஏற்றிருந்தார்கள். இதே ஊரில் உள்ள டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கேட்டு, ஒரே விடைதான் சரி என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 67 பேர் 17 பேர் ஆனார்கள். பொதுப் பிரிவின் தகுதி மார்க்கு 164-லிருந்து 162 ஆயிற்று. ஒரே ஒரு கேள்வி, லட்சக்கணக்கான பிள்ளைகளின் வரிசை மாறிவிட்டது! இப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒரு பிள்ளையை அறிவாளி என்றோ மக்கு என்றோ முத்திரை குத்தலாமா?

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நாம் மறக்கவில்லை. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017-இல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176. நீட்டில் 720-க்கு 86. ஒரு தராசு தலையில் தூக்கி வைத்தது, இன்னொரு தராசு தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடிய அந்தப் பெண்ணை 2017 செப்டம்பர் 1 அன்று இழந்தோம். பெற்றோர்களுக்குச் சொல்கிறேன்: ரேங்க் குறைந்த அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள், ஏசாதீர்கள். சீட் போனால் அடுத்த ஆண்டு வரும். வேறு படிப்பும் இருக்கிறது.

யாருக்கு லாபம்?

ஒரு காலத்தில் நுழைவுத் தேர்வில் 50 சதவீத மார்க்கு வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி வைத்திருந்தது. நீட் வந்தபோது அது 50 பெர்சன்டைல் ஆயிற்று. சொல்லில் சின்ன மாற்றம்தான். விளைவோ பெரிது. கேள்வித்தாள் எப்படி இருந்தாலும், மார்க்கு எவ்வளவு இறங்கினாலும், பாதிப் பேர் தகுதி பெற்றே தீருவார்கள். இடத்தைப்போலப் பத்து மடங்கு ஆட்கள் எப்போதும் தயார்.

அரசுக் கல்லூரிக் கதவு முன்வரிசையோடு மூடிக்கொள்கிறது. பின்வரிசையில் நிற்கும் பல லட்சம் பேரில் தனியார் கல்லூரிக்குள் நுழைவது யார்? ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணம் கட்ட முடிந்தவர்! 400 மார்க்கு வாங்கிய ஏழைப் பிள்ளை வெளியே நிற்க, 200 மார்க்கு வாங்கிய பணக்காரப் பிள்ளை உள்ளே போகிறது. இதற்குப் பெயர் தகுதி, திறமை! 2023 செப்டம்பரில் மேற்படிப்புக்கான நீட் தேர்வில் தகுதியைப் பூஜ்யம் பெர்சன்டைலுக்கு இறக்கினார்கள். பூஜ்யம் பெர்சன்டைல் என்றால் என்ன? தேர்வு எழுதிய கடைசி ஆள்வரை அனைவரும் தகுதி பெற்றவர்கள். இட ஒதுக்கீட்டால் தரம் கெட்டுவிட்டது என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்கள் அன்று எங்கே போனார்கள்?

நாம் எந்த வரிசை?

இனி டெல்லித் தமிழர் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். ரேங்க் ஒன்றுதான், வரிசைகள் பல. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. மீதி அந்தந்த மாநிலத்துக்கு. மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி போன்ற டெல்லிக் கல்லூரிகளின் 85 சதவீத இடத்துக்கு, பிள்ளை 11, 12 இரண்டு வகுப்பையும் டெல்லிக்குள் படித்திருக்க வேண்டும். வாடகை குறைவு என்று நொய்டாவுக்கோ குருகிராமுக்கோ குடிபோய், பிள்ளையையும் அங்கேயே பிளஸ் ஒன்னில் சேர்த்தால் அந்த உரிமை போயிற்று. 2025 ஜூன் 1 அன்று ஜங்புரா மதராசி கேம்ப் இடிக்கப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின! குடியிருப்பு மாறினாலும் பள்ளி எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்நாட்டு இடத்துக்கு வெளிமாநிலத்தில் படித்த தமிழ்ப் பிள்ளையும், பூர்வீகம் தமிழ்நாடு என்பதற்கான இருப்பிடச் சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் காட்டி விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கே. டெல்லி அரசுப் பள்ளியில் படித்த நம் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அது இல்லை.

சாதிச் சான்றிதழிலும் ஒரு சிக்கல். தந்தையின் வேலையால் ஆந்திராவிலிருந்து பம்பாய் போன பழங்குடி மாணவர் ஒருவர், அங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீடு கேட்டார். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம், பிழைக்க வந்த மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. வண்டி ஏறும்போது சாதி ஊரிலேயே நின்றுவிடுகிறதா? வாடகை வீடு கேட்கும்போது மட்டும் கூடவே வருகிறதே! ஆகவே ஊர்ச் சான்றிதழ் இங்கே மாநில ஒதுக்கீட்டில் செல்லும் என்று நம்பி உட்காராதீர்கள். விதியைப் படித்து, முன்கூட்டியே மனுச் செய்யுங்கள். அகில இந்திய இடங்களில் 2021 முதல் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் உண்டு. அதற்கு மத்தியப் பட்டியலில் நம் சாதி இருக்க வேண்டும். மத்திய அரசு படிவத்தில் சான்றிதழும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முடிவு வந்ததும் முதலில் ரேங்க்கைப் பாருங்கள். பிறகு மார்க்கு. பெர்சன்டைல் கடைசி. கவுன்சிலிங் இல்லாமல் எந்தக் கல்லூரியிலும், தனியார் கல்லூரி உட்பட, எம்.பி.பி.எஸ். இடம் கொடுக்க முடியாது. 'டைரக்ட் சீட்' என்று சொல்பவன் பொய் சொல்கிறான். அவனிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். படித்த இளைஞர்கள் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்கள்.

அதோடு நின்றுவிடக் கூடாது. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில், பிழைக்கப் போன இடத்தில் அரசுப் பள்ளியில் படித்த தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று தமிழக அரசுக்கு மனு அனுப்புவோம். இன்று இங்கேயே கையெழுத்து வாங்குகிறோம். கையெழுத்துப் போடாமல் யாரும் டீ குடிக்கப் போக வேண்டாம்.