ஊதியமும் ஆதாயமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தனாய் அமர்ந்த என்னைப் பொருளியல் பற்றிப் பேசப் பணித்தீர்கள். நான் அறிஞன் அல்லேன். சம்பளப் பட்டியல் எழுதிப் பழகிய கை ஒன்றே என் தகுதி.

நாம் வாழும் அகமதாபாத் நகரமே இப்பொருளுக்கு நல்ல பாடசாலை. 1917-இல் இங்குப் பிளேக் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலை முதலாளிகள் பிளேக் போனஸ் அளித்தனர். நோய் தணிந்ததும் அதை நிறுத்தினர். போரினால் ஏறிய விலைவாசியோ இறங்கவில்லை. தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு கோரினர். முதலாளிகள் 20-க்கு மேல் இசையவில்லை. காந்தியடிகள் ஆலைகளின் நிலையையும் பம்பாய்ச் சம்பளத்தையும் ஆராய்ந்து, 35 விழுக்காடே நியாயம் என்றார். முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவரோ அவருடைய தமக்கையார் அனசூயா! 1918 மார்ச்சில் அடிகள் நோன்பிருந்தார். பின்னர் நடுவர் ஆனந்தசங்கர் துருவர் தீர்ப்பளித்ததும் அந்த 35 விழுக்காடே. கேட்குமுன் கணக்குப் பார்த்தமையால் அன்றோ அக்கோரிக்கை நிலைத்தது?

1965-இல் போனஸ் சட்டம் பிறந்தது. குறைந்த அளவு முதலில் 4 விழுக்காடு. பின்னர் அது 8.33 ஆயிற்று. அஃதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆதாயம் மிகின் 20 விழுக்காடு வரை ஏறும். 2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் இவ்வெல்லைகளையே கொண்டுள்ளது. ஆகவே போனஸ் தீபாவளிக் கொடை அன்று, உழைத்தவன் உரிமை.

எங்கள் இரயில்வேயில் 1979-80 முதல் உற்பத்தித்திறன் போனஸ் உண்டு. ஏற்றிச் சென்ற சரக்கும் பயணிகளுமே அதற்கு அளவுகோல். 2024-இல் 78 நாள் சம்பளம் என்று கேட்டு அயலார் வியந்தனர். மாதம் 7,000 ரூபாய் என்ற வரம்பில் கணக்கிடுவதால், கைக்கு வந்தது மிகுதியாக 17,951 ரூபாயே. அதே நடைமேடையைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த 78 நாள் கணக்கில் இடமில்லை. இதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

என் தந்தையார் இந்நகரத்து ஆலை ஒன்றில் நூற்புப் பகுதியில் உழைத்தவர். ஆண்டுதோறும் போனஸ் வாங்கி எங்களுக்குப் புத்தாடை எடுப்பார். ஆலையின் வரவு செலவை அவர் கேட்டதில்லை, எவரும் சொன்னதுமில்லை. 1980-களில் ஒரு நாள் காலை பூட்டிய வாயிலைக் கண்டபோதுதான் நட்டம் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டார். அன்று அவருக்கு வரவேண்டிய நிலுவை இறுதிவரை முழுமையாக வரவில்லை.

அன்பர்களே! ஆதாயத்தில் பங்கு கேட்போர் கணக்கிலும் பங்கு கேட்க வேண்டும். தொழிலின் நலிவை முன்னரே அறிந்தால் உழைப்பவன் தன் குடும்பத்திற்கு வழி தேடிக்கொள்வான். தொழிலைக் காக்கவும் தோள் கொடுப்பான். கணக்கை மறைத்துவிட்டு உழைப்பை மட்டும் கேட்பது முறையாகாது.

நம் சங்கத்தின் வரவு செலவும் இம்மலரில் அச்சாகியுள்ளது. அருள்கூர்ந்து அப்பக்கத்தையும் படியுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!