குவார்ட்டர்ஸ் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பேரேடுகளோடு காலங்கழிக்கும் எங்களைத் தோட்டத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். தட்ட இயலவில்லை.

இக்கரக்பூரின் மண்ணைத் தாங்கள் அறிவீர்கள். செஞ்சரளை, கோடையில் கடப்பாரைக்கும் இணங்காது. "இருப்பதோ ரயில்வே வீடு, இன்றோ நாளையோ மாற்றல், இதில் செடி எதற்கு?" என்போர் நம்மிடையே பலர். நாங்களும் அவ்வாறெண்ணி மூன்றாண்டு கொல்லையை வெறுமையாக விட்டிருந்தோம். ஒருநாள் அண்டை வீட்டு மரத்தைக் காட்டி எங்கள் இளைய மகள் 'பொக் பூல்' என்றாள். அகத்தியம்மா அது என்றோம். "அகத்தி என்றால் என்ன?" என்று கேட்டாள். அன்று மாலையே மண்வெட்டி வாங்கினோம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை நம்பி, ஊரிலிருந்து தருவித்த கீரை விதைகளை ஆடியிலேயே தூவினோம். அத்தனையும் அழுகின. நம் ஊரில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். இங்கோ ஆனி முதல் புரட்டாசி வரை கொட்டித் தீர்க்கிறது. விதை நம்முடையதாயினும் பஞ்சாங்கம் இவ்வூருடையது என்பதைப் பக்கத்து வீட்டு வங்காளப் பெரியவர்தாம் உணர்த்தினார். மழை ஓய்ந்தபின் மறுபடி விதைத்தோம், முளைத்தது.

அப்பெரியவரோடு நட்பு வளர்ந்ததும் மரங்களாலேயே. துவாதசிக்கு நாம் அகத்திக் கீரையைத் தேடுவோம்; அவர்கள் பூவை மாவில் தோய்த்துப் பொரித்துண்பர். கீரை எங்களுக்கு, பூ அவர்களுக்கு. வழக்கு எழ இடமே இல்லை. பொக் என்றால் அவர்கள் மொழியில் கொக்காம். வளைந்த அம்மொட்டைப் பார்த்தால் பெயரிட்டவரைப் பாராட்டத் தோன்றும். சித்திரையில் கால்பைசாகிப் புயல் முருங்கையை முறிக்கும் ஒவ்வொரு முறையும், கொம்புகளைப் போத்துகளாக நறுக்கித் தெருவெங்கும் கொடுத்தோம்.

கறிவேப்பிலைதான் எங்களை வருத்தியது. பழுத்த விதையை உலர விடாமல் உடனே ஊன்ற வேண்டும். அஃதறியாது இருமுறை ஏமாந்தோம். பின்னர்க் கிடைத்த கன்றோ, மார்கழிக் குளிரில் இலை முழுதும் உதிர்த்து நின்றது. பட்டுவிட்டதென்று தை மாதம் பிடுங்கினோம். வேர் பசுமையாக இருந்தது! அன்று வீட்டில் எங்களோடு யாரும் பேசவில்லை. அடுத்த கன்றைப் பொறுமையுடன் காத்தோம். ஏழாண்டில் கூரையைத் தொட்டது.

சென்ற ஆண்டு வேறு குவார்ட்டர்ஸ் கிடைத்து இடம் மாறினோம். புதிதாகக் குடிவந்தோர் சைக்கிள் கொட்டகைக்காக அம்மரத்தை வெட்டிவிட்டனர். அவர்கள் சமையலில் அதற்கு வேலையில்லை. குற்றஞ்சொல்ல நமக்கு உரிமையுமில்லை. ஆயினும் அத்தெரு வழியே செல்வதைச் சில மாதங்கள் தவிர்த்தோம். ஆவணியில் அவ்வீட்டம்மையாரே ஆளனுப்பினார். கொட்டகையைச் சுற்றிலும் வேர்களிலிருந்து இளங்கன்றுகள் கிளம்பியிருந்தன. "உங்கள் செடி, எடுத்துப் போங்கள்" என்றார்.

அவற்றுள் பன்னிரண்டு வாயிலருகே தொட்டிகளில் இருக்கின்றன. வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம். குளிர் நீங்கும்வரை தொட்டியிலேயே இருக்கட்டும். நீரைக் குறைத்து ஊற்றுங்கள். இலை உதிர்ந்தால் பிடுங்கிவிடாதீர்கள்.