நடுத்தர வருமானம் குடும்பம் நடத்தப் போதுமா?

(சங்கத்தின் பொன்விழா ஆண்டையொட்டி 2024ஆம் ஆண்டில் நடைபெற்ற குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கடையில் நின்று துணியை விரித்துக் காட்டிப் பேசுவது எங்களுக்குப் பழக்கம். மேடையில் நின்று பேசுவது பழக்கமில்லை. "இளம் வியாபாரிகள் சார்பில் நீங்கள் பேசுங்கள், வீட்டுக் கணக்கைப் பற்றியே பேசுங்கள்" என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகப் பட்டயம் படித்தபோது பெரிய நிறுவனங்களின் வரவு செலவை அலசினோம். சொந்த வீட்டின் வரவு செலவை எழுதிப் பார்க்க எங்களுக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

இந்தச் சங்கம் தொடங்கிய காலத்தில் நம் பெரியவர்களிடம் "வருமானம் போதுமா?" என்று கேட்டிருந்தால், "அல்ஹம்துலில்லாஹ், போதும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் 'போதும்' எப்படி வந்தது? பலர் கடை மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். குடும்பம் கடையநல்லூரிலோ தென்காசியிலோ நாகூரிலோ இருந்தது. சம்பாதித்தது சிங்கப்பூர் வெள்ளியில், அரிசி வாங்கியது ஊர் விலையில். பிள்ளையின் முகத்தை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்து அந்தக் கணக்கை நேர் செய்தார்கள். எங்கள் பாட்டனாரும் அப்படி வாழ்ந்தவர்தான். இன்று நம் மனைவி மக்கள் இங்கேயே இருக்கிறார்கள். சம்பாதிப்பதும் இந்த ஊரில், செலவழிப்பதும் இந்த ஊரில். ஆகவே பழைய 'போதும்' நமக்கு அப்படியே பொருந்தாது. புதிய கணக்கு ஒன்று போட வேண்டியிருக்கிறது.

நடுத்தரம் என்றால் என்ன? புள்ளிவிவரத் துறை சொல்லும் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் வேலை செய்வோர் உள்ள குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 10,869 வெள்ளி. முதலாளி செலுத்தும் மத்திய சேம நிதியும் இதில் சேரும். பாதிக் குடும்பங்கள் இதற்கு மேல், பாதிக் குடும்பங்கள் இதற்குக் கீழ். எங்கள் குடும்பம் கீழ்ப்பாதியில் இருக்கிறது. இந்த மண்டபத்தில் உள்ள பல குடும்பங்களும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்கள் வீட்டில் இருவர் சம்பாத்தியம். துணைவியாருக்கு அலுவலக வேலை, சம்பளம் 3,200 வெள்ளி. மத்திய சேம நிதிக்கு 20 விழுக்காடு, அதாவது 640 போக, கைக்கு வருவது 2,560. கடையிலிருந்து, வாடகையும் வேலையாள் சம்பளமும் போக, நல்ல மாதத்தில் 4,000 எடுக்கலாம். மொத்தம் 6,560.

செலவைப் பாருங்கள். நாலறை வீட்டுக் கடனுக்கு மாதம் 1,350. துணைவியாரின் சேம நிதியிலிருந்து 730 போகிறது, மீதி 620 ரொக்கம். சின்னவனின் பாலர் பராமரிப்பு நிலையத்துக்கு, மானியங்கள் போக 250. பெரியவளின் துணைப்பாட வகுப்பும் வார இறுதி மதரஸாவும் 260. மளிகை, இறைச்சி, வெளிச்சாப்பாடு 1,300. மின்சாரம், தண்ணீர், நகர மன்றக் கட்டணம், தொலைபேசி 430. பேருந்து, ரயில், அவசரத்துக்கு டாக்சி 350. எங்களோடு இருக்கும் அம்மாவின் மருந்துக்கும் கைச்செலவுக்கும் 600. காப்புறுதிக்கும் மெடிசேவுக்கும் 380. ஊரில் இருக்கும் மாமிக்கு 150. உடுப்பு, டாக்டர், பிள்ளைகளின் சில்லறைத் தேவை 500. கல்யாணம், கத்னா, பெயர் சூட்டு என்று போகும் இடமெல்லாம் கொடுப்பது 300. கூட்டினால் 5,140.

நல்ல மாதத்தில் 1,420 வெள்ளி மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துணிக்கடையில் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு சில மாதங்கள் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். அப்போது கடையிலிருந்து 2,500 எடுப்பதே பெரிது. அந்த மாதம் 80 வெள்ளி துண்டு விழும்.

பொருள் சேவை வரி 2022 வரை 7 விழுக்காடு, 2023இல் 8, 2024இல் 9. எங்கள் வீட்டுக்குக் கார் கிடையாது. 2023இல் சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது என்று படித்தபோது, அந்த ஆசையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டோம்.

சம்பளக்காரருக்கும் வியாபாரிக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. 55 வயது வரை, சம்பளக்காரர் 20 விழுக்காடு போட்டால் முதலாளி 17 விழுக்காடு போடுகிறார். சுயதொழில் செய்யும் நமக்கு அந்தப் 17ஐப் போட யாரும் இல்லை. மெடிசேவுக்குச் செலுத்துவது கட்டாயம். மற்றது நம் விருப்பம். விருப்பம் என்று விட்டால் வியாபாரி என்ன செய்வார்? அடுத்த சரக்குக்குப் போடுவார். முதுமைக்கு என்று ஒரு வெள்ளிகூட ஒதுக்காமல் இருபது வருடம் ஓடிவிடும். எங்கள் அத்தா அப்படித்தான் போனார்கள். கடை இருந்தது, சேமிப்பு இல்லை.

பெரியோர்களே, இதுவரை சொன்னது எண். இனிச் சொல்வது எங்கள் வீட்டில் நடந்தது.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவலைத் தடுக்கக் கடைகளை அடைக்கச் சொன்னார்கள். அந்த மாதக் கடைசியில் ரமலான் பிறந்தது. மே 24 அன்று பெருநாள். எங்கள் கடை திறந்தது ஜூன் 19ஆம் தேதி. துணிக்கடைக்காரருக்கு வருடத்தில் பாதி வருமானம் அந்த ஒரு மாதத்தில்தான். பெருநாளுக்கென்று இறக்கிய சரக்கு மூட்டை பிரிக்காமல் கிடந்தது. சரக்கு கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். நாணயம் போய்விடக் கூடாது என்று இரண்டு கடன் அட்டைகளில் தேய்த்துக் கொடுத்தோம். மொத்தம் 14,000 வெள்ளி. அதற்கு வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கும் மேல். மாதம் 300 வெள்ளி அளவுக்கு வட்டியே போயிற்று. அசல் அசையவில்லை.

வட்டி ஹராம் என்று தெரியும். தெரிந்தே செய்தோம். அதைவிடப் பெரிய தவறு, வீட்டில் சொல்லாமல் மறைத்தது. ஆண்பிள்ளை கஷ்டத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு வீம்பு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தால், அம்மா "தஹஜ்ஜத் தொழுகிறாயா வாப்பா?" என்று கேட்பார்கள். "ஆமாம்மா" என்று சொன்ன நாட்கள் உண்டு. அந்தப் பொய்க்கும் சேர்த்துத்தான் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டோம்.

அடுத்த ஆண்டு ரமலானில், ஸகாத் கணக்குப் போடுவதற்காகத் துணைவியார் கடைப் புத்தகத்தையும் வங்கித் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கையிருப்பு, சரக்கு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது என்று எழுதிக்கொண்டே வந்தவர், ஒரு தாளைப் பார்த்து நிறுத்திவிட்டார். சத்தம் போடவில்லை. "கடனைவிட, எனக்குத் தெரியாமல் பத்து மாசம் நீங்கள் தூங்காமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். மறுவாரம் வளையல்களை விற்று 6,000 வெள்ளி கொண்டுவந்தார். மீதி 8,000த்தை, இந்தச் சங்கத்துப் பெரியவர் ஒருவர், பெயர் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, வட்டியில்லாமல் தந்தார். மாதம் 400 வீதம் இருபது மாதத்தில் அடைத்தோம். அவர் இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வந்தன. கடைப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு. கல்லாவில் கைவிட்டு வீட்டுச் செலவுக்கு எடுப்பதில்லை. நல்ல மாதமானாலும் மந்த மாதமானாலும் கடை எங்களுக்குத் தரும் சம்பளம் 3,300தான். நல்ல மாதத்து மிச்சம் மந்த மாதத்துக்குக் காத்திருக்கும். முதுமைக்கென்று மாதம் 400 வெள்ளியை, சம்பளம் பிரிக்கும்போதே சேம நிதியில் போட்டுவிடுகிறோம். வெளிச்சாப்பாடு பாதியாகக் குறைந்தது. மாதக் கடைசி ஞாயிறு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். இப்போது அம்மாவும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். எங்களைவிட அவர்கள்தான் கெட்டி.

சரி, கேள்விக்கு வருவோம். போதுமா? நோய் நொடி இல்லாமல், இருவருக்கும் வேலை இருந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால், போதும். இவற்றில் ஒன்று சரிந்தால் போதாது. எங்கள் அம்மா பள்ளி விட்டு வரும் பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்கு நாங்கள் சம்பளம் கொடுப்பதில்லை. அந்த உழைப்பை எண்ணாமல் "எங்களுக்குப் போதும்" என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு.

"இன்னொரு பிள்ளை எப்போது?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். 1972இல் இரண்டே போதும் என்று அரசாங்கம் பிரசாரம் செய்தது. 1987இல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்றது. 2023இல் பிறப்பு விகிதம் 0.97க்கு இறங்கிவிட்டது. பிள்ளைக்கு ரிஸ்க்கைத் தருபவன் அல்லாஹ், இது நம் ஈமான். பால்மாவுக்குக் காசு எடுத்து வைப்பது தகப்பன் கடமை, இதுவும் மார்க்கம்தான். வீண் விரயமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம், நடுவில் நில்லுங்கள் என்பது சூரத்துல் ஃபுர்கான் நமக்குக் கற்றுத்தரும் பாடம். அந்த நடுவை ஒவ்வொரு வீடும் தானே கண்டுபிடிக்க வேண்டும். யார் வீட்டில் எத்தனை பிள்ளை என்று நாம் கேட்காமல் இருப்பதும் ஓர் உபகாரம்.

பொன்விழா ஆண்டில் சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறோம்.

ஒன்று, கல்யாணச் செலவு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக இரண்டு வருடச் சேமிப்பைக் கரைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சங்கத்தின் முன்னோடிகள் தங்கள் வீட்டுக் கல்யாணங்களை எளிமையாக நடத்திக் காட்டினால், எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். வசதி உள்ளவர் குறைத்தால் அது எளிமை. இல்லாதவர் மட்டும் குறைத்தால் அதை இல்லாமை என்றுதான் ஊர் சொல்லும்.

இரண்டு, அழகிய கடன் நிதி. எங்களுக்கு ஒரு பெரியவரைத் தெரிந்திருந்தது, தப்பித்தோம். யாரையும் தெரியாதவர் எங்கே போவார்? சட்ட விதிகளை முறையாகக் கேட்டறிந்து, வட்டியில்லாமல், வெளியில் தெரியாமல், சிறு தொகை கொடுத்து உதவும் நிதி ஒன்றைச் சங்கம் தொடங்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த 8,000த்தைப் பெரியவருக்குத் திருப்பிவிட்டோம். அந்த 400 வெள்ளியில் பாதியை, மாதம் 200 வீதம், அந்த நிதிக்கு 40 மாதம் தருவதாகத் துணைவியாரும் நாங்களும் நிய்யத் வைத்திருக்கிறோம். கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறோம், முடியும்.

இந்த இரவு வீட்டுக்குப் போய், எதையாவது மறைத்து வைத்திருக்கும் சகோதரர்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து மனைவியிடம் சொல்லிவிடுங்கள். வளையல் போனாலும் தூக்கம் திரும்பி வரும்.

நம் வருமானம் கூடினாலும் குறைந்தாலும் அதில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.